மணலில் மறைந்த பந்திகள்

சூதாட்டத்தை 'மைஸிர்' என்று பெயர் சுட்டியே திருமறை விலக்கியிருக்கிறது. அப்படியிருக்க, உலகின் பெரும் சூதாட்ட நகரங்களுள் ஒன்றான லாஸ் வேகாஸின் மறைந்துபோன மாளிகைகளையும் உணவுச்சாலைகளையும் பற்றி, முஸ்லிம் குடும்பங்கள் படிக்கும் ஓர் ஏட்டில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆது கூட்டத்தாரின் உயர்ந்த தூண்களையும், ஸமூது கூட்டத்தார் மலையைக் குடைந்து அமைத்த இல்லங்களையும் நமக்கு நினைவூட்டுவதும் அதே திருமறைதான். பூமியில் சுற்றிப் பார்த்து, முன்னிருந்தோரின் முடிவைச் சிந்திக்குமாறு அது நம்மைப் பணிக்கிறது. அழிந்த ஊர் நல்லோருடைய ஊராக இருந்தால்தான் பாடம் சொல்லும் என்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த நகரம் தன் மாளிகைகளுக்குச் சூட்டி மகிழ்ந்த பெயர்களுள் பல, அரபுப் பாலைவனத்தையும் கீழைநாட்டுக் கதைகளையும் நினைவூட்டுபவை. அந்தப் பெயர்கள் என்னவாயின என்று அறிவதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஊற்று தந்த பெயர்

'லாஸ் வேகாஸ்' என்னும் ஸ்பானியச் சொற்களுக்குப் 'புல்வெளிகள்' என்பது பொருள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மழை அரிதான பாலைநிலத்தின் நடுவே தாமாகப் பீறிட்ட நீரூற்றுகளும் அவற்றைச் சூழ்ந்த பசும்புல்லும் அந்தப் பெயரைத் தந்தன. பையூட் என்னும் பூர்வகுடியினர் அந்நீரை நம்பி நெடுங்காலம் வாழ்ந்தனர். 1905ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இரயில்வேக் கம்பெனியார் அங்கிருந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து ஏலம் விட்டனர், நகரம் பிறந்தது. 1931இல், பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய வேளையில், நெவாடா அரசு சூதாட்டத்துக்குச் சட்டப்படி இடமளித்தது. அதே ஆண்டில் கொலராடோ ஆற்றின் குறுக்கே, இன்று ஹூவர் அணை எனப்படும் பேரணையைக் கட்டும் பணியும் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து குவிந்தனர்.

அக்காலத்தில் தோன்றிய உணவுச்சாலைகளுள் ஒன்று 'கிரீன் ஷாக்'. பொரித்த கோழிக்குப் பெயர் பெற்றிருந்த அந்த எளிய கடை, ஒளிவிளக்கு மாளிகைகள் எழும்புவதற்கு முன்பே இருந்தது. அவற்றுள் சில இடிந்த பின்னரும் இருந்தது. 1999இல் அது மூடப்பட்டது. பிறகு கட்டிடமும் இல்லாமற் போயிற்று. ஊருக்குப் பெயர் கொடுத்த நீரூற்றுகளோ அதற்கு முன்னமே, அளவுக்கு மீறி நீர் இறைக்கப்பட்டதால், 1962இல் வற்றிவிட்டன. அந்நகரம் இழந்தவற்றுள் மிகப் பழமையானது எதுவென்று கேட்டால், அதன் நீர் என்றுதான் சொல்ல வேண்டும்.

சுல்தானும் அலாவுதீனும்

நகர எல்லைக்கு வெளியே, லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எழுந்த முதல் சூதாட்ட விடுதி 1941இல் திறக்கப்பட்ட 'எல் ராஞ்சோ வேகாஸ்'. மாடு மேய்ப்போர் வாழ்வை நினைவூட்டும் கோலத்தில் கட்டப்பட்ட அது, 1960இல் தீக்கு இரையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுஞ்சாலையின் கற்பனை வேறு திசையில் திரும்பியது. 1950இல் 'டெசர்ட் இன்', அதாவது பாலைவனச் சத்திரம், 1952இல் 'ஸஹாரா', அதே ஆண்டு இறுதியில் மணல் என்று பொருள்படும் 'ஸான்ட்ஸ்', 1955இல் மணல்மேடுகள் என்று பொருள்படும் 'டியூன்ஸ்', 1966இல் 'அலாதீன்', அதாவது நம் அலாவுதீன்.

அமெரிக்கத் திரைப்படங்கள் காட்டிய அரபு நாடுதான் இந்தக் கட்டிடங்களுக்கு முன்மாதிரி. ஸஹாராவின் முகப்பில் ஒட்டகச் சிலைகள் நின்றன. டியூன்ஸ் விடுதியின் வாசலுக்கு மேலே, இடுப்பில் கைகளை ஊன்றி, தலைப்பாகையுடன் 30 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒரு சுல்தான் நின்றார். பின்னாளில் அவரை அங்கிருந்து பெயர்த்து, நெடுஞ்சாலையோரக் கோல்ப் மைதானத்தில் நிறுத்தினார்கள். 1985இல் தீப்பற்றி அந்தச் சிலை அழிந்தது. அவ்விடுதியின் சிறந்த உணவுச்சாலைக்குச் 'சுல்தானின் மேசை' என்று பெயர். வயலின் இசைக்குழு சூழ்ந்துவர அங்கே விருந்து நடந்தது. கடலுணவுக்கென்றே 'கடலின் குவிமாடம்' என மற்றொரு கூடம் இருந்தது. அதன் நடுவே படகில் அமர்ந்து ஒரு பெண் யாழ் மீட்டுவாள்.

அலாவுதீனின் கதையை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் அந்தக் கதை இல்லை என்பதையும் அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஹன்னா தியாப் என்னும் சிரியா நாட்டவர் சொல்லக் கேட்டு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் கலான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தம் நூலில் சேர்த்தார். ஆக, நெவாடாவில் ஒளிர்ந்த அந்த விளக்கு இரவல் வாங்கியதிலிருந்து மீண்டும் இரவல் வாங்கியது.

இனி, அவற்றின் முடிவைப் பார்ப்போம். டியூன்ஸ் 1993 ஜனவரியில் மூடப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 27ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வாணவேடிக்கையோடு நடந்த அந்தத் தகர்ப்பை மக்கள் திரண்டு நின்று திருவிழாவைப் போல் கண்டுகளித்தனர். 180 அடி உயரமிருந்த அதன் ஒளிப்பலகையும் அன்றே வீழ்ந்தது. ஸான்ட்ஸ் 1996 நவம்பரில் தகர்க்கப்பட்டது. அலாதீன் 1998 ஏப்ரலில் வீழ்ந்தது. அதே பெயரில் 2000இல் மீண்டும் எழுந்த மாளிகையும் 2007இல் வேறு பெயர் பூண்டது. டெசர்ட் இன் 2000இல் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. கானல்நீர் என்று பொருள்படும் 'மிராஜ்' 1989இல் திறக்கப்பட்டு 2024 ஜூலையில் மூடப்பட்டது. பாலைவனத்துக் கானல்நீரைத் திருமறை எதற்கு உவமையாக்கியிருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஸஹாரா மட்டும் 2011இல் மூடப்பட்டு, வேறு பெயரில் திறக்கப்பட்டு, 2019இல் பழைய பெயரையே மீண்டும் சூடிக்கொண்டது.

வரலாற்றுப் பேராசான் இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் ஒரு தலைமுறைக்கு 40 ஆண்டு என்று கணக்கிட்டு, ஓர் அரச வம்சத்தின் ஆயுளை மூன்று தலைமுறை என்று வரையறுத்தார். ஸான்ட்ஸ் வாழ்ந்தது 44 ஆண்டு. டியூன்ஸ் 38 ஆண்டு. முதல் அலாதீன் 31 ஆண்டு. அரசுகளுக்கு அவர் தந்த மூன்று தலைமுறையில் ஒன்றே இந்த மாளிகைகளுக்கு வாய்த்தது.

மலிவு விருந்தின் இரகசியம்

இத்தனை விரைவில் இடித்தது ஏன்? கட்டிடங்கள் பழுதானதால் அன்று. 1952இல் ஸான்ட்ஸ் திறக்கப்பட்டபோது அதில் 200 அறைகள் இருந்தன. மிராஜ் 3,000க்கும் மேற்பட்ட அறைகளோடு திறக்கப்பட்ட பின், சிறிய மாளிகை நின்ற மண் அந்த மாளிகையைவிட விலை உயர்ந்ததாகிவிட்டது. ஸான்ட்ஸ் இருந்த இடத்தில் 1999இல் 'வெனிஷியன்' எழுந்தது. டியூன்ஸ் இருந்த இடத்தில் 1998இல் 'பெலாஜியோ' எழுந்தது. பாலைவனத்தின் பெயர் போய் இத்தாலியின் பெயர் வந்தது.

உணவுச்சாலைகள் மறைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பழைய நாளில் அந்நகரத்தில் உணவு ஆதாயத்துக்காக விற்கப்பட்டதில்லை. எல் ராஞ்சோவில் 1940களில் தொடங்கிய நள்ளிரவு விருந்தில் ஒரு டாலர் கொடுத்தால் வேண்டியமட்டும் எடுத்து உண்ணலாம். நகரின் மிகப் பழைய விடுதியான 'கோல்டன் கேட்', 1959இலிருந்து ஒரு கிண்ணம் இறாலை 50 சென்டுக்குக் கொடுத்தது. விலை பிறகு கூடினாலும் 2017 வரையில் அந்தக் கிண்ணம் நிலைத்தது. இந்தத் தாராளத்தை விருந்தோம்பல் என்று எண்ணிவிடலாகாது. பசித்தவன் உணவு தேடி வெளியே போய்விட்டால் சூதாட்ட மேசையிலிருந்து எழுந்துவிடுவான். அவனை எழவிடாமல் இருத்தவே சோறு மலிவாயிற்று. அவன் அங்கே தோற்ற பணமே இங்கே சமைந்தது. 1960களின் இறுதியில் நெவாடா சட்டம் திருத்தப்பட்டு, பங்குகளை வெளியாருக்கு விற்கும் பெரிய கம்பெனிகள் இத்தொழிலுக்குள் நுழைந்தன. சமையலறையும் இலாபம் காட்டியாக வேண்டும் என்னும் கணக்கு வந்தது. மலிவு விருந்துகள் நாளடைவில் குறைந்தன.

அந்த மலிவு விருந்துகளை இன்றும் நெகிழ்ந்து நினைப்போர் பலர் இருக்கிறார்கள். உண்ட சோற்றை நினைப்பது மனித இயல்பு. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விருந்தின் மதிப்பை அறிய, அதில் என்ன பரிமாறினார்கள் என்பதோடு, யாருக்கு இலை போடவில்லை என்பதையும் கேட்க வேண்டும். செல்வர்களை அழைத்து ஏழைகளை ஒதுக்கும் விருந்தின் உணவே உணவுகளில் மோசமானது என்பது நபிமொழி நூல்கள் நமக்குத் தந்த அளவுகோல்.

இருப்புப்பாதைக்கு மேற்கே

அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால், நகரத்தின் மேற்குப் பகுதிக்கு நாம் போக வேண்டியிருக்கிறது. இருப்புப்பாதைக்கு அப்பால், கறுப்பின மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதி அது. லூசியானா, அர்க்கன்ஸா மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அங்கே குடியேறின. மாளிகைகளில் துணி மாற்றுவதும் பாத்திரம் கழுவுவதும் அவர்கள் வேலை. வேலை முடிந்தால் அங்கே ஒரு கோப்பைக் காப்பி வாங்கிக் குடிக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

புகழ் பெற்றவர்களுக்கும் இதே நிலைதான். நாட் கிங் கோல், சாமி டேவிஸ் போன்ற கலைஞர்கள் மாளிகைகளின் மேடையில் பாடிக் கைதட்டல் பெற்றனர். தொடக்க ஆண்டுகளில், பாட்டு முடிந்ததும் பின்வாசல் வழியாக வெளியேறி, மேற்குப் பகுதி விடுதிவீடுகளில்தான் கறுப்பினக் கலைஞர்கள் தங்க முடிந்தது. அத்தகைய விடுதிவீடுகளுள் 'ஹாரிசன் இல்லம்' குறிப்பிடத்தக்கது. மேற்குப் பகுதியின் ஜாக்ஸன் தெரு அந்நாளில் அவர்களுக்கான உணவுச்சாலைகளாலும் இசைக்கூடங்களாலும் நிறைந்திருந்தது. அவற்றுள் ஒன்றின் பெயர் 'எல் மொராக்கோ'. அந்தத் தெருவின் பழைய கலகலப்பும் இன்று மறைந்துவிட்டது.

அந்தப் பகுதியின் ஓரத்தில்தான் 1955 மே 24ஆம் நாள் 'மூலான் ரூஜ்' திறக்கப்பட்டது. நிற வேற்றுமையின்றி யாரும் வந்து தங்கலாம், யாரும் எந்த மேசையிலும் அமர்ந்து உண்ணலாம் என்று அறிவித்த முதல் சூதாட்ட விடுதி அதுவே. குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற ஜோ லூயிஸ் அதன் பங்குதாரர்களுள் ஒருவராக இருந்து, வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றார். நெடுஞ்சாலை மாளிகைகளில் ஆட்டம் முடிந்த பின், நள்ளிரவு கடந்து, அங்கே பாடிய வெள்ளையரும் கறுப்பரும் இங்கே வந்து ஒன்றாக அமர்ந்தனர். ஆனால் அதே ஆண்டின் இறுதிக்குள் கடன் சுமையால் விடுதி மூடப்பட்டது. சில மாதங்களே வாழ்ந்த விடுதி அது.

அதன் வேலை அத்தோடு முடியவில்லை. 1960ஆம் ஆண்டு மார்ச் மாதம், கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவராயிருந்த பல் மருத்துவர் ஜேம்ஸ் மக்மில்லன், ஓட்டல்கள் இன ஒதுக்கலைக் கைவிடாவிட்டால் நெடுஞ்சாலையில் ஊர்வலம் நடத்தப்போவதாக அறிவித்தார். மார்ச் 26ஆம் நாள், அதே மூலான் ரூஜில் ஆளுநரும் அதிகாரிகளும் சங்கத் தலைவர்களும் கூடியபோது, ஓட்டல் உரிமையாளர்கள் இணங்கிவிட்ட செய்தி உறுதியாயிற்று. நெடுஞ்சாலை மாளிகைகளின் உணவுக்கூடங்கள் கறுப்பின மக்களுக்குத் திறந்தன. பிற மாளிகைகள் இடிக்கப்பட்டபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. மூலான் ரூஜோ 2003இல் தீப்பிடித்து எரிந்து, எஞ்சிய சுவர்களும் பிறகு அகற்றப்பட்டு, ஆரவாரமில்லாமல் மறைந்தது.

ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, செல்வரும் ஏழையும் ஒரே தட்டில் கைவைத்து உண்ணும் வழக்கத்தை நம் ஊர்க் கல்யாணங்களில் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சஹனின் அருமை, அமர இடம் மறுக்கப்பட்ட மக்களின் கதையைப் படிக்கும்போது இன்னும் நன்றாக விளங்குகிறது.

ஒரு பெயரின் வழக்கு

லாஸ் வேகாஸில் மறைந்த கட்டிடங்களுள் நமக்கு நெருக்கமான ஒன்று உண்டு. மாநாட்டு மையத்தின் வட்ட வடிவ அரங்கம் அது. 1959இல் திறக்கப்பட்டு 1990இல் இடிக்கப்பட்டது. அங்கேதான் 1965 நவம்பர் 22ஆம் நாள் முஹம்மது அலியும் பிளாய்டு பாட்டர்சனும் மோதினார்கள். அலி இஸ்லாத்தைத் தழுவியதை அறிவித்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஆயினும் பாட்டர்சன் அவரைப் பழைய பெயராலேயே அழைத்துவந்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும் அப்படியே எழுதின. பன்னிரண்டாம் சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அலியின் வெற்றியை அறிவித்தார். சுல்தானைச் சிலையாக நிறுத்தவும் அலாவுதீனின் விளக்கை வாசலில் ஏற்றவும் இடமிருந்த ஊரில், உயிரோடு நடமாடிய ஒரு மனிதர் முஹம்மது என்னும் தம் பெயருக்காகப் போராட வேண்டியிருந்தது.

1980இன் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் காட்சிச் சண்டை நடத்திய நாட்களை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில், லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் வளாகத்தில் அதற்கென்று தற்காலிகமாகக் கட்டிய அரங்கில், லாரி ஹோம்ஸிடம் அவர் தோற்றார். அதே சீசர்ஸ் பேலஸில்தான் ஜோ லூயிஸ் தம் முதிய வயதில் வருவோரை வரவேற்கும் வேலையில் இருந்து, 1981இல் அந்நகரிலேயே காலமானார். அரங்குகள் போயின, ஆனால் அலியின் பெயரை மாற்றி அழைக்க இன்று எவரும் துணியார்.

சமையலறையில் நின்றவர்கள்

கட்டிடத்தைவிட அதில் உழைத்தவர்களின் உறுதி நீண்ட ஆயுள் பெற்றதற்கும் அந்நகரம் சான்று தருகிறது. சமையல், பரிமாறல் தொழிலாளர்களின் சங்கம் அங்கே 1935இல் நிறுவப்பட்டது. 1990இல் அதன் தலைவராக ஹாட்டி கேன்டி என்னும் கறுப்பினப் பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையிலிருந்து உயர்ந்தவர் அவர். 1991 செப்டம்பரில் 'பிரண்டியர்' விடுதியின் சுமார் 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஆறு ஆண்டு, நான்கு மாதம், பத்து நாள் அது நீடித்தது. பாலைவனத்து வெயிலில் இரவும் பகலும் வாசலில் நின்ற அவர்களில் ஒருவர்கூட அணியை விட்டு உள்ளே போகவில்லை. 1998 பிப்ரவரியில் புதிய உரிமையாளர் ஒப்பந்தத்துக்கு இணங்கினார். அந்த விடுதி 2007 நவம்பரில் தகர்க்கப்பட்டது. சங்கம் இன்றும் இருக்கிறது.

எஞ்சியவை

இடித்ததை எல்லாம் மறந்துவிட்ட ஊர் என்று லாஸ் வேகாஸைச் சொல்லிவிட முடியாது. பழைய ஒளிப்பலகைகளைத் திரட்டிக் காக்கும் 'நியான் அருங்காட்சியகம்' 2012இல் பொதுமக்களுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் முகப்புக் கட்டிடமே, கறுப்பினக் கட்டிடக் கலைஞர் பால் வில்லியம்ஸ் வரைந்த 'லா கோஞ்சா' விடுதியின் வரவேற்புக் கூடந்தான். இடிபடாமல் மீட்டு, பெயர்த்துக் கொண்டுவந்து நிறுவினார்கள். வீழ்ந்த மாளிகைகளின் எழுத்துகளோடு மூலான் ரூஜின் எழுத்துகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அப்பால் இடிப்பு இன்னும் நிற்கவில்லை. 1957இல் திறந்த 'டிராபிகானா' 2024 ஏப்ரலில் மூடப்பட்டு அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நாம் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது எழுந்த கேள்விக்கு வருவோம். சூதின் மாளிகைகள் வீழ்ந்ததற்காக வருந்த நமக்கு ஏதுமில்லை. ஆனால் ஓர் ஊரின் நினைவு அதன் மாளிகைகளோடு முடிந்துவிடுவதில்லை. கிரீன் ஷாக்கில் பசியாறிய கூலியாளும், பாடி முடித்துப் பின்வாசலால் வெளியேறிய பாடகரும், பிரண்டியர் வாசலில் ஆறாண்டு நின்ற பணிப்பெண்ணும் அந்நினைவுக்கு உரியவர்கள். யார் எங்கே அமர மறுக்கப்பட்டார் என்பதை மறந்துவிட்டு, என்ன உண்டோம் என்பதை மட்டும் நினைப்பது அரைகுறை வரலாறு. நம் ஊர்களில் மறைந்துவரும் பழைய கடைத்தெருக்களையும் சத்திரங்களையும் உணவுச்சாலைகளையும் பற்றி நம் முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க முற்படும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. எந்தக் கடையில் எது ருசி என்று கேட்கும்போதே, அங்கே யார் யார் வந்து உட்கார முடிந்தது என்பதையும் கேட்டு எழுதட்டும்.

முடிவாக ஒரு செய்தி. நெடுஞ்சாலையில் பாலைவனப் பெயர்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்துகொண்டிருக்க, இருப்புப்பாதைக்கு அப்பாலுள்ள அந்த மேற்குப் பகுதியில் ஓர் அரபுப் பெயர் நிலைத்து நிற்கிறது. ஒளிவிளக்கோ ஒட்டகச் சிலையோ இல்லாத ஒரு பள்ளிவாசல் அது. அங்குள்ள முஸ்லிம்கள் அதற்கு இட்ட பெயர் 'மஸ்ஜித் அஸ்ஸபூர்'. ஸபூர் என்பது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்று. மிக்க பொறுமையாளன் என்பது அதன் பொருள்.